அக்காவின் அடையாள அட்டை

கேதீஸ்வரிக்கு அரசாங்கத்தின் கணக்கில் முப்பத்தாறு வயது. சாதகத்தின் கணக்கில் முப்பத்துமூன்று. பெண் வீட்டார் வயதைக் குறைத்துச் சொல்வது ஊர் உலகத்து வழக்கம் என்பதால் சாதகத்தை ஒருவரும் நம்புவதில்லை. இரண்டு கலியாணப் பேச்சு இதிலேயே முறிந்தது. முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார், பொருத்தமெல்லாம் திறம் என்று சொல்லி எழும்பிய நேரத்தில், கூட வந்த பெரியம்மா ஒருத்தி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டாள். பெண்ணின் வயதில் மூன்றை முழுங்கிவிட்டார்கள் என்ற கதை சித்தாண்டி முழுவதும் பரவ ஒரு கிழமைகூட எடுக்கவில்லை. இரண்டாவது மாப்பிள்ளை வருவதற்கு முன்பே அந்தக் கதை அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அவர்கள் எதையும் முழுங்கவில்லை. சாதகம் அவளுடையது, அட்டை அவளுடைய அக்காவினுடையது. அக்காவின் பெயரும் கேதீஸ்வரிதான்.

கேட்பவருக்குத் தலை சுற்றும், ஆனால் விஷயம் இவ்வளவுதான். தாய் சீதேவிப்பிள்ளைக்கும் தகப்பன் அழகரத்தினத்துக்கும் 1989ஆம் ஆண்டு ஆனி மாதம் சித்தாண்டியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. முறையாகப் பதிந்து பிறப்புச் சான்றிதழும் எடுத்தார்கள். அடுத்த வருடம் நாடு கிடந்த கிடையில் ஊரில் இருக்க வழியில்லாமல் போயிற்று. புருஷனும் பெண்சாதியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நடந்தும் லொறி பிடித்தும் மன்னார்ப் பக்கம் பேசாலைக்குப் போய், புரட்டாதியில் ஒருநாள் வள்ளம் ஏறினார்கள். அந்த நாளில் வள்ளக்காரர் இந்தியக் கரைவரை போகமாட்டார்கள். இரண்டு நாட்டுக்கும் இடையில் கடலுக்குள் வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகளில் ஒன்றில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பிள்ளைக்கு வழியிலேயே வயிற்றோட்டம். அந்தத் திட்டில்தான் அது செத்தது, கையால் மணலைத் தோண்டி அங்கேயே புதைத்தோம் என்று அப்பா சொல்லுவார். அம்மா அந்தக் கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுவாள்.

புதுக்கோட்டைப் பக்கத்து அகதி முகாமில் 1992 பங்குனியில் இரண்டாவது பெண் பிறந்தது. சீதேவிப்பிள்ளை அதற்கும் கேதீஸ்வரி என்றே பேர் வைத்தாள். போன பிள்ளைதான் திரும்பி வந்திருக்கிறது என்று அவள் நம்பினாள். முகாமில் அதை ஒருவரும் புதினமாக எடுக்கவில்லை. அங்கே வீட்டுக்கு வீடு இதைவிடப் பெரிய கதைகள் இருந்தன. அப்பா நெஞ்சு வருத்தத்தில் அங்கேயே போய்விட்டார். தாயும் மகளும் 2012இல் ஊர் திரும்பினார்கள்.

பிழை நடந்தது அப்போதுதான். அம்மாவின் தம்பி நல்லரத்தினம் ஒரு காரியக்காரர். மருமகளுக்கு அட்டை எடுக்க வேண்டும் என்றதும் பதிவாளர் கந்தோருக்குப் போய், பிள்ளையின் பேர் இது, தாய் இவள், தகப்பன் இவர் என்று சொல்லி, பழைய பதிவிலிருந்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பின்னேரமே வந்துவிட்டார். மூத்த பிள்ளை செத்தது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் பேர் அதே பேர், தாய் அதே தாய், தகப்பன் அதே தகப்பன், எழுதியிருப்பதும் அரசாங்கம். இதில் எங்கே பொய் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. சீதேவிப்பிள்ளை தம்பியைத் தடுக்கவில்லை. பிரதியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். மூன்று மாதத்தில் அட்டை வந்தது. முகாமில் இருபது வருடம் சிலோன்காரி என்று பேர் வாங்கிய கேதீஸ்வரிக்கு, பிறந்த இடம் சித்தாண்டி என்று எழுதிய அட்டையைக் கையில் பிடிக்க இனித்தது. அது தன்னுடையதில்லை என்பது அவளுக்கு அந்த வயதில் பெரிதாக உறைக்கவில்லை.

ஏறாவூரில் சரீப் காக்காவின் பாமசியில் அவளுக்கு வேலை. கடையின் பின்கதவைத் திறந்தால் வாவிக் காற்று வரும். முன்கதவால் மருந்துத் துண்டுகள் வரும். டொக்டர்மாரின் கையெழுத்தை அவளைப்போல வாசிக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. முகாமிலிருந்தே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மருந்தாளர் டிப்ளோமாவும் படித்தவள். என்றாலும் சட்டப்படி அவள் மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள் மட்டும்தான். பொறுப்பெடுத்துக் கையொப்பம் வைக்கிற மருந்தாளர் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் அவளுடைய பேச்சைக் கேட்டு இந்தியாக்காரி என்றார்கள். அவள் சிரித்துவிட்டு மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள்.

சரீப் காக்கா ஓட்டமாவடியில் இரண்டாவது கடை போட இடம் பார்த்துவிட்டார். இலங்கைப் பரீட்சையை எழுதி மருந்தாளராகப் பதிந்துகொண்டு வந்தால் அந்தக் கடை முழுக்க உன் பொறுப்பு என்றார். பதினொரு வருடம் மற்றவரின் கையொப்பத்துக்குக் கீழே நின்றவளுக்கு வேறென்ன வேண்டும்? அன்றிரவே விண்ணப்பத்தை நிரப்பினாள். ஒன்றரை மாதத்தில் அது திரும்பி வந்தது. சான்றிதழ்களில் உள்ளவர் 1992இல் இந்தியாவில் பிறந்தவர், அடையாள அட்டையில் உள்ளவர் 1989இல் சித்தாண்டியில் பிறந்தவர், எனவே இருவரும் ஒருவரல்லர் என்று ஒரு வரி. கொழும்பில் எங்கோ ஒரு மேசையில் இருந்த யாரோ ஒரு கிளார்க் பதின்மூன்று வருடத்தில் முதல் ஆளாக உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்.

சரீப் காக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவருடைய தம்பி நௌஷாட் லண்டனில் பிரஜையாகி இருபது வருடம். போன வருடம் இங்கேயும் பிரஜையாக இருக்க ஆசைப்பட்டு விண்ணப்பித்தான். இப்போது இரண்டு கடவுச்சீட்டையும் மேசையில் அடுக்கி வைத்துப் படம் அனுப்புகிறான். போனவனுக்கு இரண்டு நாடு, வந்தவளுக்கு ஒன்றுக்கே இவ்வளவு பாடா என்று அவர் கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு மட்டக்களப்பில் சட்ட உதவி செய்யும் ஸாதியாவின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தார்.

சட்டத்தரணி ஸாதியா கதை முழுவதையும் கேட்டாள். சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. வெளிநாட்டில் பிறந்தாலும் தாய் இலங்கையர் என்றால் பிள்ளை வம்சாவழியால் பிரஜையாகப் பதியலாம். தாயின் பத்திரங்களும் இருக்கின்றன, முகாமில் எடுத்த பிறப்புச் சான்றிதழும் இருக்கிறது. அந்தளவில் கரைச்சல் இல்லை என்றாள். கரைச்சல் வேறிடத்தில் இருந்தது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை சீதேவிப்பிள்ளைக்குக் கேதீஸ்வரி என்ற மகள் சித்தாண்டியில் பிறந்து, உயிரோடு வளர்ந்து, வங்கிப் புத்தகம் வைத்து, தேர்தலுக்குத் தேர்தல் வாக்கும் போட்டு வருகிறாள்.

"முதல்ல அக்கா மௌத்தானத பதியணும்" என்றாள் ஸாதியா. "மறுகாதான் நீங்க பிறக்கலாம்."

அக்கா இறந்ததைக் கண்ணால் கண்டு, இன்றைக்கு உயிரோடு இருப்பவள் அம்மா ஒருத்திதான். அவள் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும், உத்தியோகத்தர் முன்னால் வந்து வாயாலும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் பிரதேச செயலகத்தில் நடமாடும் சேவை நடக்கும்போது கொழும்பிலிருந்து குடியுரிமைப் பிரிவினர் வருகிறார்கள். அட்டையை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். அதற்கும் புதியது வருவதற்கும் இடையில் ஆறு மாதமோ ஒரு வருடமோ கேதீஸ்வரி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆள். உத்தியோகத்தர் நம்பாவிட்டால் அக்காவின் அட்டையும் போய், தன்னுடையதும் வராது.

இன்னொன்றும் இருந்தது. அந்தத் திட்டுகளில் சில இலங்கைக்கு, சில இந்தியாவுக்கு. குழந்தை செத்தது இந்தியத் திட்டு என்றால் இங்கே இறப்புப் பதிய முடியாது. அங்கே, முப்பத்தைந்து வருடத்துக்கு முன் மணலில் புதைத்த குழந்தைக்கு ஒருவரும் பதிவு தரப்போவதில்லை. எந்தத் திட்டு என்று ஸாதியா கேட்டாள். கேதீஸ்வரிக்குத் தெரியவில்லை. அப்பா இருந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

நல்லரத்தினம் மாமா விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப் போனார். வயல் வட்டையில் அறுவடை நடக்கிற நேரம்; மெஷினை விட்டுவிட்டு மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். கைக்கு வந்த அட்டையைக் கொண்டுபோய் நீட்டுகிற விசர் வேலையை யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். குடி என்கிற வம்சம் தாய் வழி, கேதீஸ்வரி எங்கள் வயிற்றுப் பிள்ளை, கோயிலில் எங்கள் குடிக்கு உள்ள உரிமை அவளுக்கும் உண்டு, இதைவிட என்ன பிரசாவுரிமை வேண்டும் என்பது அவர் நியாயம். பயமும் இருந்தது, அதை அவர் சொல்லவில்லை. பிரதி எடுத்துக் கொடுத்த கை அவருடைய கை.

பக்கத்து வளவு வினாயகமூர்த்தி அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபத்துமூன்று வயது. தகப்பன் பதுளைத் தோட்டத்திலிருந்து ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தோடு இறங்கி வந்து, சித்தாண்டியில் பெண் எடுத்து, வயல் வெட்டிப் பிழைத்த மனிதர். வினாயகமூர்த்தி பிறந்தது சித்தாண்டி, வளர்ந்தது சித்தாண்டி. தாய் வழியால் கோயிலில் அவருக்குக் குடி உண்டு, திருவிழாவில் இடம் உண்டு. கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில் மட்டும் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்துச் சட்டம் தகப்பனைத்தான் கேட்டது. தகப்பன் நாடற்றவர், ஆகவே மகனும் நாடற்றவர். நாற்பத்திரண்டு வயதில்தான் அவர் பிரஜையானார். தகப்பன் அதற்கு முன்பே நாடற்றவராகவே செத்துப் போனார்.

அட்டையைக் கொடுக்காதே என்பதுதான் அவருடைய கட்சியும். ஆனால் காரணம் வேறு. அட்டை இல்லாத மனிதனைப் பொலிஸ்காரன் பார்க்கிற பார்வை உனக்குத் தெரியாது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"உங்கட ஆக்கள் போன, வந்த, இப்ப ஒரு மாசத்தில தாங்க எண்டு கேக்கிற" என்றார். "நாங்க ஒரு அடி அங்கால வைக்கல்ல. எங்கட அப்பாவ இந்தியாவுக்குப் போ எண்டாங்க, அவர் போகல்ல. அதுக்கு நாப்பத்திரண்டு வருசம்."

கேதீஸ்வரிக்குச் சுருக்கென்றது. தன்னை முகாமில் சிலோனுக்குப் போ என்று சொன்னவர்களைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்லி என்ன? அவர் சொன்னதும் பொய்யில்லை, அவளுக்கு நேர்ந்ததும் பொய்யில்லை. தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். குடித்தார்.

எல்லாரும் சொல்லி முடித்தார்கள்; அம்மாவின் பேச்சுத்தான் மிச்சம். சீதேவிப்பிள்ளை விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து மூன்று கடைக்குக் கொடுக்கிறவள், பேச்சில் சிக்கனம். அன்று பின்னேரம் மாவை அரித்துக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் கேதீஸ்வரி போய்க் குந்தினாள். ஒரு கையெழுத்து, ஒரு நாள், அவ்வளவுதான் என்றாள்.

அம்மா அரிதட்டை வைத்துவிட்டு, "அவ செத்தவ எண்டு எழுதித் தர என்னால ஏலா" என்றாள்.

"செத்ததுதானே அம்மா."

"அட்டையில படம் உன்ட. மத்ததெல்லாம் அவட. அவவுக்கெண்டு இந்த உலகத்தில அது ஒண்டுதான் கிடக்கு. அதையும் தாயே கொண்டுபோய்க் குடுக்கணுமா?"

கேதீஸ்வரிக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், பல வருடத்துக் கோபம். அவளுடைய பிறந்தநாளுக்கு அம்மா கோயிலில் அர்ச்சனை செய்வது ஆனியில். பங்குனியில் ஒருமுறைகூடச் செய்ததில்லை. காய்ச்சலில் கிடந்தாலும், பரீட்சையில் முதலாவதாக வந்தாலும், அம்மா தன்னைப் பார்க்கும்போது பின்னால் நிற்கும் வேறொருத்தியைப் பார்ப்பதாகவே அவளுக்குத் தோன்றும். ஒன்றேகால் வயதில் போன குழந்தைமேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று அவளுக்குத் தெரியும். என்றாலும் பட்டாள்.

"நாளைக்கு நான் செத்தாலும் அக்காட பேரிலதான் எழுதுவாங்க" என்றாள். "அவ ரெண்டாந்தரம் சாவா. நான் பிறக்காமலே போயிருப்பன். அது உங்களுக்குச் சம்மதமா அம்மா?"

அம்மா அரிதட்டைத் திரும்ப எடுத்தாள். நாலு நாள் இருவரும் பேசவில்லை. இடியப்பம் அவிந்தது, கடைகளுக்குப் போனது, கேதீஸ்வரி ஏறாவூருக்கு பஸ் ஏறினாள், வந்தாள். ஐந்தாம் நாள் காலை அம்மா கொடியிலிருந்து நல்ல சீலையை எடுத்து மடித்துக்கொண்டே, அந்தக் கந்தோருக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். அதற்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது என்றாள் கேதீஸ்வரி. சரி என்று சீலையைத் திரும்பக் கொடியில் போட்டாள்.

நடமாடும் சேவையன்று மண்டபம் நிறையப் பிளாஸ்டிக் கதிரை, கதிரை நிறைய ஆட்கள். அவர்களுக்குக் கிடைத்தது நாற்பத்தோராம் இலக்கம். முன்வரிசையில் கனடாவிலிருந்து வந்த ஒருவர் அரைக் காற்சட்டையோடு இருந்து, இரட்டைப் பிரசாவுரிமைக்கு இன்னும் எத்தனை கையெழுத்து என்று கேட்டுக்கொண்டு, மின்விசிறியை ஏசிக்கொண்டிருந்தார். மாமாவும் கூட வந்திருந்தார். எதிர்ப்பது எதிர்ப்பு, கூடப்பிறந்த அக்காளைத் தனியே அனுப்ப முடியுமா? வந்தவர் சும்மா இருக்கவில்லை. எந்தத் திட்டு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு முதலாம் திட்டு என்று சொல், மன்னாரிலிருந்து எண்ணினால் அது எங்கள் பக்கம், விசாரித்து வந்துவிட்டேன் என்று அம்மாவின் காதில் மூன்று தரம் ஓதினார். அம்மா தலையை ஆட்டினாளா இல்லையா என்று கேதீஸ்வரியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

உத்தியோகத்தர் ஐம்பது வயதுச் சிங்கள மனிதர், கண்ணாடி, அடக்கமான குரல். பக்கத்தில் மொழிபெயர்க்க விஜிதரன் என்ற இளம் கிளார்க். ஸாதியா தயாரித்த கோவையை உத்தியோகத்தர் பக்கம் பக்கமாக வாசித்தார். மாமா பிரதி எடுத்த விதத்தைப் பற்றி ஸாதியா எழுதியிருந்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அதற்கு வேறாக விளக்கம் கேட்டு எழுதுவோம் என்று மட்டும் சொன்னார். மாமா கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். பிறகு அட்டை. கேதீஸ்வரி அதை எடுத்து மேசையில் வைத்தாள். அந்த நிமிஷத்திலிருந்து தன்னிடம் ஒன்றும் இல்லை என்று அவளுக்கு விளங்கியது.

பிள்ளை எங்கே இறந்தது என்று விஜிதரன் கேட்டான். திட்டு என்று எழுதியிருக்கிறது, எந்தத் திட்டு?

மாமா தொண்டையைச் செருமினார்.

"திட்டில இல்ல ஐயா" என்றாள் சீதேவிப்பிள்ளை. "வள்ளத்தில."

விஜிதரன் மொழிபெயர்த்தான். உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார். கடலில் எந்த இடம் என்று கேட்டார்.

"பேசாலைக் கரையில. வள்ளத்தத் தள்ளினவன் இன்னும் ஏறல்ல. இடுப்பளவு தண்ணியில நிக்கிறான். அப்பயே புள்ள அடங்கிட்டுது."

மாமாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. கேதீஸ்வரி தரையைப் பார்த்தாள். மாமா சொல்லிக் கொடுத்த பொய் போதாதென்று அம்மா தானாக ஒரு பெரிய பொய்யைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்றே அவள் நினைத்தாள். உத்தியோகத்தரும் அப்படித்தான் நினைத்திருப்பார். பேனையை மூடி வைத்துவிட்டு, மெதுவாக ஏதோ சொன்னார். இந்தக் கோவை முழுவதிலும் திட்டு என்றே இருக்கிறது, இன்றைக்கு மட்டும் கரைக்கு வந்திருக்கிறது, யாராவது சொல்லித் தந்தார்களா என்று ஐயா கேட்கிறார் என்றான் விஜிதரன்.

அம்மா மாமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இவர் முதலாம் திட்டு எண்டு சொல்லத்தான் சொல்லித் தந்தவர். இத ஒருத்தரும் சொல்லித் தரல்ல. இத நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. செத்த புள்ள கிடக்கெண்டு தெரிஞ்சா வள்ள ஓட்டி கடல்ல போடச் சொல்லுவான். இல்லாட்டி எங்கள இறக்கிப் போட்டுப் போயிருவான். பின்னால ஷெல் அடி. அதால நான் வாய் திறக்கல்ல. பால் குடுக்கிற மாதிரி சீலைக்குள்ள மூடி வச்சிருந்தன். ஒரே பக்கம் வச்சிருந்தா பக்கத்தில இருக்கிற பொம்பிளைக்கு விளங்கிரும் எண்டு, இடைக்கிடை மத்தப் பக்கம் மாத்தினன். அந்தப் பொம்பிளை, புள்ள நல்லா நித்திர எண்டா. ஓம் எண்டன்."

விஜிதரன் மொழிபெயர்ப்பதை நிறுத்தியிருந்தான். உத்தியோகத்தர் அவனை அவசரப்படுத்தவில்லை.

"விடிய திட்டில இறக்கினாப் பிறகுதான் இவட அப்பாவுக்குச் சொன்னன், இப்பதான் உயிர் போச்சு எண்டு. அந்த மனிசன் சாகும்வரைக்கும் அதத்தான் நம்பினது. எனக்கு அப்ப வேற ஒண்டும் வேணாம், அவவ மண்ணில வைக்கணும். அவ்வளவுதான்."

இது பொய்யில்லை என்று கேதீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. பக்கம் மாற்றியதை யாரும் கட்டிச் சொல்ல முடியாது. அம்மா இத்தனை வருடம் எழுந்து எழுந்து போனது எதிலிருந்து என்று அவளுக்கு விளங்கியது. அப்பாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை அம்மாவை இன்றைக்கு, பத்துப் பேர் நிற்கிற மண்டபத்தில், இரண்டு மொழியில் சொல்ல வைத்திருக்கிறோம் என்று நினைத்தாள். கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்தாள். இடியப்ப உரல் பிடித்துக் காய்த்த கை.

விஜிதரன் மிச்சத்தையும் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான். உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். சிங்களத்தில் ஒரு வரி சொன்னார்.

"அப்ப பிள்ளை நாட்ட விட்டுப் போகல்லத்தானே எண்டு ஐயா கேக்கிறார்" என்றான் விஜிதரன்.

"ஓம் ஐயா" என்றாள் அம்மா. "உயிரோட போகல்ல."

உத்தியோகத்தர் பேனையைத் திறந்தார். இறந்த இடம் பேசாலைக் கரை, மன்னார் மாவட்டம் என்று எழுதினார். இறப்புப் பதிவுக்கு மன்னார்ப் பதிவாளருக்குச் சிபார்சு போகும், அது வந்ததும் கேதீஸ்வரியின் பிரசாவுரிமை விண்ணப்பம் நடக்கும், ஆறு மாதம் பிடிக்கலாம், அதுவரை இந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கட்டும் என்று விஜிதரன் ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினான். மாமா, ஐயா என்ன சொன்னாலும் தலையாட்டினார். விஜிதரன் காட்டிய இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள். நிறையப் பழக்கமில்லாத கை, எழுத்துக்கு எழுத்து நின்று போட்டாள்.

இறப்பை அறிவிப்பவர் இன்னொருவரும் ஒப்பமிட வேண்டும், குடும்பத்துக்குள் என்றால் நல்லது என்றான் விஜிதரன். கேதீஸ்வரி கதிரையை இழுத்து முன்னால் வந்தாள். பெயர் கேட்டான், சொன்னாள். முகவரி கேட்டான், சொன்னாள். இறந்தவரின் பெயர் கேதீஸ்வரி என்று மேலே எழுதியிருந்தது. பதின்மூன்று வருடமாக அந்தப் பிறப்புப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாப் படிவத்திலும் இது நான் என்று எழுதி வந்தவள் அவள்.

"இறந்தவருக்கு நீங்க என்ன முறை?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் யாரையும் தேடவில்லை.

"தங்கச்சி" என்றாள் கேதீஸ்வரி.

விஜிதரன் அதை எழுதிக்கொண்டு, நாற்பத்திரண்டாம் இலக்கத்தைக் கூப்பிட்டான்.